நூறு கிராம் கோடு: லெக்சஸ் சி.டி. 200எச்சும் ஐரோப்பிய டீசல்களும்

2010 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்சஸ் சி.டி. 200எச் காரை இறக்கியபோது, சொகுசு ஹேட்ச்பேக் வகையில் முழு ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார், வேறு யாரிடமும் கிடையாது. பி.எம்.டபிள்யூ 1 சீரிஸ், ஆடி ஏ3 இரண்டும் டீசலை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. 2012-ல் வோல்வோ வி40-யும் புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸும் அதே கையிருப்போடு வந்து சேர்ந்தன. களத்தில் தனியாக நின்ற கார் எளிதாக ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் சி.டி. ஐரோப்பாவில் கடைசிவரை ஓரமாகவே ஓடியது. அங்கே 2020-ல் விற்பனை நின்றது. ஜப்பானில் 2022 வரை விற்றார்கள்.

ஹைப்ரிட் நுட்பம் மோசம் என்பதால் இப்படி ஆகவில்லை. அது எந்தச் சாலைக்கு, எந்த வரிக்கு, எந்தப் பரிசோதனைக்கு எதிரே நிறுத்தப்பட்டது என்று பார்த்தால்தான் கணக்கு புரியும்.

முதலில் வண்டியின் உள்ளே இருப்பது. சி.டி.யில் இருப்பது டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான பிரியஸின் மூன்றாம் தலைமுறையில் இருந்த அதே ஏற்பாடுதான்: 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், இரண்டு மின்மோட்டார், ஒரு நிக்கல் பேட்டரி. எஞ்சின் மட்டும் 99 குதிரைத்திறன், 142 நியூட்டன் மீட்டர் இழுவிசை. மோட்டாரும் சேர்ந்தால் மொத்தம் 136 குதிரைத்திறன். பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 10.3 விநாடி.

எதிரே நின்ற சிக்கன டீசல்களின் காகித எண்கள் இதைவிட ஒன்றும் பிரமாதம் இல்லை. பி.எம்.டபிள்யூ 116டி எஃபிஷியன்ட் டைனமிக்ஸ் 116 குதிரைத்திறன், 10.5 விநாடி. ஆடி ஏ3 1.6 டி.டி.ஐ. 105 குதிரைத்திறன், 11 விநாடிக்கு மேல். வோல்வோ வி40 டி2 115 குதிரைத்திறன். அதுவும் நிதானமான வண்டிதான். அப்படியானால் சி.டி.யை 'மந்தம்' என்று ஏன் எல்லோரும் எழுதினார்கள்?

காரணம் இழுவிசை, அதாவது எஞ்சின் அச்சைத் திருப்பும் பலம். 116டி தருவது 260 நியூட்டன் மீட்டர். ஏ3-ல் 250. ஒரு படி மேலே போனால் 118டி-யில் 320. இந்த இழுவிசை எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தொடும் முன்பே கைக்கு வந்துவிடும். சிக்னலில் யார் முந்துகிறார்கள் என்பதில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்து, முந்துவதற்காக இடது பக்கம் வந்து 130-க்கு ஏற வேண்டும் என்றால் டீசலில் வலது காலை லேசாக அழுத்தினால் போதும். சி.டி.யில் அதே காலை அழுத்தினால் எஞ்சின் ஒரே தாவலில் 5,000 சுற்றுக்குப் பக்கம் போய் அங்கேயே நின்று கத்தும். வேகமானி முள் தன் பாட்டுக்கு நிதானமாக ஏறும். சத்தம் முதலில், வேகம் அப்புறம்.

இது பழுதில்லை, அமைப்பே அப்படி. சி.டி.யில் வழக்கமான கியர்கள் இல்லை. ஒரு கோள்பல்சக்கர அமைப்பு எஞ்சினையும் இரண்டு மோட்டார்களையும் இணைக்கிறது. தேவையான சக்திக்கு எந்தச் சுற்று சிக்கனமோ, எந்தச் சுற்றில் அந்த சக்தி கிடைக்குமோ, அங்கே கணினி எஞ்சினைக் கொண்டுபோய் வைக்கிறது. எஞ்சின் வேறு அட்கின்சன் சுழற்சியில் வேலை செய்வது. எரிபொருளில் சிக்கனம், கீழ்ச்சுற்றில் பலம் குறைவு. முழு சக்தி வேண்டுமென்றால் சுற்று ஏறியே ஆக வேண்டும். நகரத்துக்குள் 40, 50-ல் போகும்போது மின்மோட்டாரின் 207 நியூட்டன் மீட்டர் இதையெல்லாம் மறைத்துவிடும், வண்டி வழுக்கிக்கொண்டு போகும். நெடுஞ்சாலையில் மறைக்க வழியில்லை.

இதற்கு மேல் லெக்சஸ் செய்த ஒரு காரியம் எனக்கு இன்றும் விளங்கவில்லை. இந்த ஏற்பாட்டை வைத்து அமைதியான, மெத்தென்ற ஒரு சொகுசு வண்டியைச் செய்திருக்கலாம். ஐரோப்பியர்களைப் பார்த்து 'ஸ்போர்ட்டி' ஆக்கப் போனார்கள். பின்பக்கம் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், உடல்கூட்டில் அதிர்வு தணிக்கும் டாம்பர்கள், தாழ்ந்த இருக்கை, இறுக்கமான ஸ்டீயரிங். நடுவில் இருக்கும் குமிழை வலப்பக்கம் திருப்பினால் டயல் விளக்கு நீலத்திலிருந்து சிவப்பாகும். பேட்டரி சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த மானி எஞ்சின் சுற்று காட்டத் தொடங்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சிவப்பு விளக்கு சொல்வதைக் கால் கேட்டால், முன்பு சொன்ன அதே கத்தல்தான் பதிலாக வரும். வளைவில் நன்றாகத் திரும்பும் வண்டி, வளைவை விட்டு வெளியே வரும்போது இழுக்காது. கூடவே குண்டும் குழியும் முதுகில் தெரியும் அளவுக்குச் சஸ்பென்ஷன் இறுக்கம். சொகுசும் குறைந்தது, வேகமும் வரவில்லை. அமைதி வேண்டி லெக்சஸ் ஷோரூமுக்குள் போனவருக்கும் பிடிக்கவில்லை, ஓட்டும் சுகம் தேடி 1 சீரிஸ் பக்கம் போனவரைத் திருப்பவும் முடியவில்லை.

இனி எரிபொருள். இங்கேதான் சி.டி. அடித்து நொறுக்கியிருக்க வேண்டும் என்று பலரும் நினைப்பார்கள். அறிமுகமானபோது அதன் கரியமில வாயு அளவு கிலோமீட்டருக்கு 94 கிராம், செலவு 100 கிலோமீட்டருக்கு 4.1 லிட்டர். நம் கணக்கில் லிட்டருக்கு 24 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 116டி எஃபிஷியன்ட் டைனமிக்ஸ் 99 கிராம். கிராமில் லெக்சஸ் முன்னால். ஆனால் லிட்டரில் பார்த்தால் அந்த பி.எம்.டபிள்யூ 3.8 லிட்டர்தான், அதாவது லிட்டருக்கு 26 கிலோமீட்டர்.

கிராமில் ஜெயித்து லிட்டரில் தோற்பது எப்படி? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வரும். ஒரு லிட்டர் டீசலில் 2.6 கிலோவுக்கு மேல். டீசலில் லிட்டருக்கு அடங்கியிருக்கும் ஆற்றலும் அதே அளவுக்கு அதிகம். ஆகவே டீசல் கார் கிராமில் கொஞ்சம் பின்தங்கினாலும் லிட்டரில் முன்னால் நிற்கும். அரசாங்கம் வரி போடுவது கிராமுக்கு, பெட்ரோல் பங்கில் நாம் காசு கொடுப்பது லிட்டருக்கு. 2014-ல் சி.டி.யை மெருகேற்றி 82 கிராமுக்கு, 3.6 லிட்டருக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ஆடி ஏ3 1.6 டி.டி.ஐ. அல்ட்ரா 85 கிராமோடு வந்தது, லிட்டரில் 3.2. மறுபடி அதே கதை.

இதெல்லாம் ஆய்வக எண்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்றைய ஐரோப்பியப் பரிசோதனை 11 கிலோமீட்டர் தூரம், 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்கூட இல்லை. கிட்டத்தட்ட கால்வாசி நேரம் வண்டி சும்மா நிற்கும். 120-ஐச் சில விநாடி தொட்டுவிட்டு இறங்கிவிடும். நின்றால் எஞ்சினை அணைக்கும் ஹைப்ரிடுக்கு இது தாய்வீடு. ஆனால் பி.எம்.டபிள்யூ 2007-லேயே தன் சிறிய கார்களில் சிக்னலில் தானாக அணைந்து எழும் எஞ்சினைப் போட்டுவிட்டது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். பரிசோதனையில் ஹைப்ரிடுக்கு மட்டும் கிடைத்த சலுகையில் ஒரு பகுதியை ஒரு பலமான ஸ்டார்ட்டர் மோட்டார் தட்டிப் பறித்தது. நிஜச் சாலையில், அதாவது ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் 130, 140-ல் சீராகப் போகும்போது, பிரேக் பிடித்துச் சேமிக்க ஒன்றும் இல்லை. பேட்டரி வெறும் சுமை. அங்கே மேல் கியரில் 2,000 சுற்றில் உருளும் டீசலை ஹைப்ரிட் தொட முடியாது. பாரிஸுக்குள், லண்டனுக்குள் ஊர்ந்து போனால் கதை நேர்மாறு. ஆனால் அந்தக் காலத்தில் சொகுசு ஹேட்ச்பேக்கை வாங்கியவர்களில் பெரும்பகுதி வருடத்துக்கு நிறையக் கிலோமீட்டர் ஓடும் அலுவலகக் கார்க்காரர்கள்.

அலுவலகக் கார் என்றதும் வரிக்கு வந்துவிடுவோம், ஏனென்றால் முடிவு அங்கேதான் எழுதப்பட்டது.

ஜெர்மனியில் கம்பெனி கொடுக்கும் காருக்கு ஊழியர் கட்டும் வரி, காரின் பட்டியல் விலையில் மாதம் 1 சதவீதத்தை வருமானமாகக் கொண்டு கணக்கிடப்படும். ஹைப்ரிடா டீசலா, எத்தனை கிராம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. சாலை வரியில் லெக்சஸுக்கு நல்ல லாபம்: 1.8 லிட்டர் பெட்ரோலுக்கு வருடம் 36 யூரோ, 2 லிட்டர் டீசலுக்கு 190 யூரோ. வித்தியாசம் 154 யூரோ. ஆனால் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 65.45 சென்ட் எரிசக்தி வரி, டீசலுக்கு 47.04 சென்ட். விற்பனை வரியையும் சேர்த்தால் டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 22 சென்ட் மலிவு. இரண்டு கார்களும் 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் குடிக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். வருடம் 14,000 கிலோமீட்டர் ஓடினாலே அந்த 154 யூரோ கரைந்துவிடும். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் டீசல்காரருக்கு லாபம்.

பிரிட்டனில் சி.டி.க்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் இருந்தது. அங்கே பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரே தீர்வை. கம்பெனி கார் வரி கிராமைப் பார்த்துப் போடப்படும். டீசல் என்றால் அன்று கூடுதலாக 3 சதவீதப் புள்ளி. 2012-13-ல் சி.டி.க்கு 10 சதவீதம், 99 கிராம் டீசலுக்கு 13 சதவீதம், 115 கிராமில் நிற்கும் ஒரு டீசலுக்கு 17 சதவீதம். 25,000 பவுண்டு கார், 40 சதவீத வரி கட்டும் ஊழியர் என்றால், சி.டி.க்கு வருடம் 1,000 பவுண்டு, 99 கிராம் டீசலுக்கு 1,300. மாதம் 25 பவுண்டு சேமிப்பு. நல்லதுதான், ஆனால் 260 நியூட்டன் மீட்டரை விட்டுக்கொடுக்கச் சொல்லும் அளவுக்குப் பெரிய தொகையா?

அதைவிட முக்கியம், லண்டன் மையப்பகுதிக்குள் கார் ஓட்டுபவர் கட்ட வேண்டிய நெரிசல் கட்டணம். முன்பு ஹைப்ரிட் என்றாலே விலக்கு. 2011 ஜனவரியில் விதியை மாற்றினார்கள்: 100 கிராமோ அதற்குக் கீழோ இருந்து, யூரோ 5 என்ற ஐரோப்பியப் புகைத் தரமும் இருந்தால் எந்தக் காரும் இலவசம். வருடாந்திர சாலை வரியும் அன்று 100 கிராம் வரை பூஜ்யம். இரண்டும் ஒரே கோடு. உடனே டீசல்காரர்கள் அந்தக் கோட்டுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தார்கள்: நீளமான கியர்கள், உருள்தடை குறைந்த டயர்கள், காற்றுத்தடை குறைக்கும் முகப்பு. 116டி 99, ஏ3 99, ஏ180 சி.டி.ஐ. 98, வி40 டி2 94. லெக்சஸ் பெரிய பேட்டரியும் மோட்டாரும் போட்டு எட்டிய அதே சலுகையை இவர்கள் சில்லறை மாற்றங்களில் எட்டிவிட்டார்கள். 94-க்கும் 99-க்கும் நடுவில் வரி அதிகாரி பார்வையில் எந்த வித்தியாசமும் இல்லாதபோது, வாங்குபவர் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? இந்த 100 கிராம் கோட்டை லண்டன் 2013-ல் 75 கிராமுக்கு இறக்கியது; அப்போது சி.டி.யும் வெளியே போனது.

லெக்சஸின் வீட்டுக்குள்ளேயும் ஒரு போட்டி இருந்தது. அதே ஏற்பாடு கொண்ட டொயோட்டா ஆரிஸ் ஹைப்ரிட் இங்கிலாந்தின் பர்னாஸ்டனில் தயாராகி, 89 கிராமோடு, குறைந்த விலைக்குக் கிடைத்தது. ஹைப்ரிட்தான் வேண்டும் என்று முடிவு செய்தவருக்கு லெக்சஸ் விலை உறுத்தும். சொகுசுப் பெயர்தான் வேண்டும் என்பவருக்கு ஐரோப்பியப் பெயர்கள் இருந்தன. பின்னிருக்கை இடம், டிக்கி இவற்றில் சி.டி. ஒன்றும் சோடை போகவில்லை. ஆனால் அதற்காக யாரும் கட்சி மாறுவதில்லை.

சி.டி.க்குச் சேர வேண்டிய ஒரு புள்ளி அன்றைய ஒப்பீடுகளில் சரியாக விழவில்லை என்பேன். அந்த 99 கிராம் எண்கள் பெரும்பாலும் கைக்கியர் வண்டிகளுக்கு. டீசலில் ஆட்டோமேட்டிக் கேட்டால் விலை ஏறும். சி.டி. பிறப்பிலேயே ஆட்டோமேட்டிக். தவிர, நைட்ரஜன் ஆக்சைடு. யூரோ 5 விதியில் டீசலுக்கு கிலோமீட்டருக்கு 180 மில்லிகிராம் வரை அனுமதி, பெட்ரோலுக்கு 60 தான். நகரத்துக் காற்றைக் கெடுப்பது இதுதான். ஆனால் மேலே பார்த்த வரிப் பட்டியல்கள் அதை நேரடியாக எண்ணவில்லை. 2015 செப்டம்பரில் ஆடியின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பரிசோதனை மோசடி வெளிவந்தபோது, மாட்டிய ஈ.ஏ.189 எஞ்சின் வரிசையில் அந்த ஏ3-யின் 1.6 டி.டி.ஐ.யும் இருந்தது. 2018-ல் ஹாம்பர்க் சில தெருக்களில் பழைய டீசல்களைத் தடுத்தது. 2019 ஏப்ரலில் லண்டன் அடுத்த வேலியைப் போட்டது: யூரோ 6-க்குக் கீழான டீசல் உள்ளே வந்தால் நாளுக்கு 12.50 பவுண்டு; பெட்ரோலுக்கு யூரோ 4 போதும். 2011-ல் 99 கிராம் காட்டி இலவசமாக நுழைந்த டீசல் இப்போது கட்டணம் கட்டுகிறது. அதே வயது சி.டி. அந்தக் கட்டணம் இல்லாமல் போகிறது. ஆனால் அதற்குள் லெக்சஸ் யு.எக்ஸ். என்ற உயரமான காருக்குத் தாவிவிட்டது.

இன்று ஐரோப்பாவில் பழைய கார் பார்ப்பவருக்கு என் பரிந்துரை நேரானது. தினமும் 60, 70 கிலோமீட்டர் நெடுஞ்சாலை என்றால் 118டி-யே வாங்கலாம். ஆனால் 2 லிட்டர் என்.47 எஞ்சினின் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம், பின்புறம் இருக்கிறது. அதைத் தொடவே பெரிய வேலை, பில்லும் பெரியது. சர்வீஸ் தாள் இல்லாத வண்டி வேண்டாம். ஊருக்குள் குறுகிய ஓட்டம் என்றால் டீசலின் புகைவடிகட்டி சூடேறாமல் அடைத்துக்கொள்ளும், அங்கே சி.டி.தான். கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, பெல்ட் இல்லை, பிரேக் பேடும் லேசில் தேயாது. ஆனால் இதே எஞ்சின் கொண்ட பிரியஸ்களில் ஈ.ஜி.ஆர். கூலர் (எஞ்சினுக்குள் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் பகுதி) கரியேறி ஹெட் காஸ்கெட் போன வண்டிகளை மெக்கானிக்குகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் உதறுகிறதா, கூலன்ட் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.