சேலத்துத் திப்பியும் புரோபயாடிக் பொடியும்: வெண்பன்றிப் பண்ணைக்கு வாங்கலாமா?

சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் மாவெடுத்த பின் மிஞ்சும் மரவள்ளித் திப்பி, வளர்ந்த வெண்பன்றிக்கு நல்ல தீவனம். மக்காச்சோளத்துக்கு முழு மாற்று என்று சொல்லி விற்றால் மட்டும் நம்பாதீர்கள்.

காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து இருக்கும். புரதமோ 2 முதல் 3 சதவீதம்தான், மக்காச்சோளத்தில் 9. பதினைந்து கிலோ சோளத்தை எடுத்துவிட்டு அதே எடைக்குத் திப்பி போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ புரதம் போய்விடும். எனவே 13 கிலோ திப்பி, 2 கிலோ சோயாப் புண்ணாக்கு இரண்டின் விலையையும் கூட்டி, 15 கிலோ சோள விலையோடு வைத்துப் பாருங்கள். நார் அதிகம் என்பதால் எரிசக்தியும் குறையும். விலை நன்றாகவே இறங்கியிருந்தால்தான் லாபம்.

60 கிலோ தாண்டிய பன்றிக்கு 100 கிலோ கலவை: மக்காச்சோளம் 47, திப்பி 15, அரிசித் தவிடு 18, சோயாப் புண்ணாக்கு 17.5, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு அரை கிலோ. புரதம் 15 சதவீதத்தை ஒட்டி நிற்கும். எண்ணெய் எடுக்காத தவிடு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அரைத்த சூட்டோடு வாங்கித் தீர்த்துவிடுங்கள். பால் மறந்த குட்டிக்குத் திப்பியே வேண்டாம். அதன் குடல் இந்த நாரைத் தாங்காது.

வாங்கும்போது மூட்டையின் நடுவில் கையை விடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரியாகக் காயவில்லை என்று அர்த்தம். கட்டியை உடைத்தால் உள்ளே பச்சையோ கறுப்போ தெரிகிறதா? அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள். பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும், தீனி எடுப்பதும் குறையும். புரோபயாடிக் (குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்ப் பொடி) கலந்தால் நஞ்சு முறிந்துவிடும் என்று அந்த மூட்டையை வாங்கிவிடாதீர்கள். ஒரு பிடி திப்பியைத் தண்ணீரில் போட்டால், களத்தில் சேர்ந்த மணல் அடியில் தங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

புரோபயாடிக் பொடிக்குக் காசு செலவழிப்பதானால், பால் மறந்தபின் முதல் இரண்டு வாரத்துக்குச் செலவழியுங்கள். கழிச்சல் வரும் காலம் அதுதான். விற்பனைக்கு நிற்கும் பன்றிக்குக் கொடுத்துப் பெரிய பலன் பார்ப்பது கடினம். லேபிளில் நுண்ணுயிரின் பெயர், கிராமுக்கு எத்தனை உயிர், காலாவதித் தேதி மூன்றும் இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். நம் வெயிலுக்கு பேசில்லஸ் வகை நுண்ணுயிர் தாங்கும், வித்தாக உறங்குவதால். லாக்டோபேசில்லஸை வெயிலில் வைத்தாலோ சூடான கஞ்சியில் கொட்டினாலோ செத்துப்போகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் ஆகாது. ஆன்டிபயாடிக் ஓடும்போது எதைக் கொடுத்தாலும் பெரும்பாலும் வீண்.

100 கிராம் பொடியை நேரே 100 கிலோவில் தூவினால் ஒரு குட்டிக்கு எல்லாம், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை. முதலில் ஒரு கிலோ தவிட்டில், பிறகு பத்து கிலோ தீவனத்தில், கடைசியாக மொத்தத்திலும் கலக்க வேண்டும்.