தொண்டைப் புற்றுநோய்: ரோபோக் கத்தியா, கதிரும் கீமோவுமா?

டான்சிலில் இருப்பது எச்.பி.வி. (மனிதப் பாப்பிலோமா) வைரஸால் வந்த புற்றுநோய் என்று பயொப்சி (சதைத்துண்டுப் பரிசோதனை) சொன்னபிறகு டொக்டர்கள் என் முன்னால் இரண்டு வழிகளை வைத்தார்கள். ஒன்று, வாய்க்குள்ளால் ரோபோக் கையை விட்டுக் கட்டியை வெட்டி, கழுத்திலுள்ள நெறிக்கட்டிகளையும் எடுப்பது. மற்றது, கத்தியே படாமல் ஏழு வாரக் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் கீமோவும். நான் இரண்டாவதை எடுத்தவன். ஆகவே இந்த எழுத்து அந்தப் பக்கம்தான் சாயும்.

உயிர் தப்புகிற கணக்கில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை. இந்த வைரஸ் கட்டி மருத்துவத்துக்கு நன்றாக மசியும். 2010 இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில், மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் எச்.பி.வி. உள்ளவர்களில் 82 வீதம், இல்லாதவர்களில் 57 வீதம். சிகரெட் பழக்கம் இருந்தால் இந்த அனுகூலம் குறையும். செலவும் இங்கே ஒன்ராறியோவில் பேச்சில்லை, இரண்டையும் அரசுக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: வெட்டினால் கதிர் தப்புமா?

சத்திரசிகிச்சையின் பெருமையெல்லாம் அது தனியாகவே போதும் என்கிற இடத்தில்தான். வெட்டிய துண்டு ஆய்வுகூடத்துக்குப் போகும். நெறிக்கட்டிகள் பலவற்றில் புற்று இருந்தால் பின்னால் கதிர் வரும். வெட்டிய ஓரத்தில் புற்று மிஞ்சியிருந்தாலோ, நெறிக்கட்டியின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தாலோ கீமோவும் சேரும். ஒன்றைத் தவிர்க்கப் போய் மூன்றையும் தலையில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். சவரம் செய்யும்போது என் கைக்குத் தட்டுப்பட்ட கழுத்துக் கட்டி ஸ்கானில் பெரிதாக, ஓரம் தெளிவில்லாமல் தெரிந்தது. வெட்டினாலும் கதிருக்கு அனுப்ப வேண்டித்தான் வரும் என்று சத்திரசிகிச்சை நிபுணரே சொல்லிவிட்டார். அதன்பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ரொறொன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணித்தியாலம் ஓடினால் வரும் லண்டன் நகரத்து மருத்துவர்கள் தலைமையேற்று, 68 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் பார்த்தார்கள். 2019 இல் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்து விழுங்கும் திறனுக்கான புள்ளி, நூற்றுக்குக் கதிர்ப் பக்கம் 86.9, கத்திப் பக்கம் 80.1. இது வாழ்க்கையில் உணரக்கூடிய அளவு வித்தியாசமில்லை என்று அவர்களே எழுதினார்கள், நானும் அதைப் பெரிதாக்கவில்லை. ஆனால் கத்திப் பக்கம் போனவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிறகு கதிரும் எடுத்தார்கள். என் கண் நின்றது அந்த வரியில்தான்.

கதிர் சும்மா விடாது. வலைமுகமூடியைச் சூடாக்கி முகத்தில் அழுத்தி அச்செடுப்பார்கள், ஒவ்வொரு நாளும் அதோடு மேசையில் பூட்டிவிடுவார்கள். எழும்பும்போது நெற்றியில் சல்லடைத் தழும்பு. நாலாம் கிழமைக்குப் பிறகு தண்ணீர் விழுங்குவதே தண்டனை. சிஸ்பிளாட்டின் காதுக்குள் ஒரு ரீங்காரத்தை விட்டுப்போனது. எச்சில் பாதிதான் திரும்பியிருக்கிறது: புட்டுக்குச் சொதி ஊற்றாமல் ஒரு வாய் இறங்காது, பாண் மேலண்ணத்தில் ஒட்டும்.

பல்தான் தீராத பராமரிப்பு. கதிர் பட்ட தாடை எலும்பு பிறகு பல் பிடுங்கினால் ஆறாமல் போகலாம் என்பதால், ஆட்டங்கண்ட கடைவாய்ப் பற்களை முன்கூட்டியே பிடுங்கினார்கள். இப்போது ஒவ்வொரு இரவும் பல்லில் புளோரைட் மருந்து போட்ட அச்சு. வழமையான பல் வைத்தியத்துக்கு மாகாண அரசுக் காப்புறுதி இல்லை, அது என் கைக்காசு. கழுத்தில் பட்ட கதிர் தைரொயிட் சுரப்பியையும் தாக்கலாம் என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனையும் தொடர்கிறது. பத்து வருடம் கழித்துத் தொண்டை இறுகுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல எனக்கு இன்னும் காலம் போதாது.

கத்திப் பக்கத்தை நான் வெளியிலிருந்து பார்த்தது மட்டும்தான். கதிர் தேவைப்படாவிட்டால் எச்சில் பெரும்பாலும் தப்பும், நோய் எவ்வளவு என்பதும் துல்லியமாகத் தெரியும். கழுத்து நெறிக்கட்டிகளை எடுப்பதால் வரக்கூடிய தோள் பலவீனமும் முதல் இரண்டு கிழமை இரத்தப்போக்குப் பயமும் அதன் பங்கு.

இடையில் மூன்றாவதாக, சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாக மென்மையானது என்று நம்பப்பட்ட செட்டுக்சிமாப் என்ற மருந்தைக் கேட்கலாமா என்று மனைவி கேட்டார். 2018 இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும் அதை எடுத்தவர்கள்தான் கூடுதலாக இறந்தார்கள். சிஸ்பிளாட்டினைச் சிறுநீரகமும் காதும் தாங்கும் என்றால் அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

டான்சிலில் சின்னக் கட்டி, கழுத்தில் ஒன்றுமில்லை அல்லது ஒரேயொரு சின்ன நெறிக்கட்டி என்றால் என் முடிவைப் பின்பற்ற வேண்டாம், அங்கே கத்திக்கு நல்ல நியாயம் இருக்கிறது. நிபுணரிடம் இரண்டைக் கேளுங்கள்: வெட்டிய பிறகும் எனக்குக் கதிர் தேவைப்பட எவ்வளவு வாய்ப்பு, இந்த ரோபோ வேலையை நீங்கள் வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?