எக்ஸ்எம்எல்லைச் சுமப்பதா, கழற்றிவிடுவதா?

நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்கு முன்பதிவு மென்பொருள் செய்யும் சின்னக் குழு எங்களுடையது. திருகோணமலை உவர்மலையில் ஒரு மாடி அறை, மூலையில் ஒரு பழைய ரி.எப்.எஸ். சேர்வர்; எங்கள் வேலைப் பட்டியலும் கோடும் இருக்கும் மைக்ரோசொஃப்ட் மென்பொருள் அது. அதை அதன் புதிய பதிப்பான அஸூர் டெவொப்ஸ் சேர்வராக உயர்த்தி, மைக்ரோசொஃப்டின் கிளவுட்டுக்கு ஏற்றுமுன் இடமாற்றக் கருவியான மைக்ரேற்றரில் சரிபார்ப்பை ஓட்டினோம். வேலைப் படிவங்களையும் நிலைகளையும் எக்ஸ்எம்எல் கோப்புகளில் வரையறுக்கும் டெம்ப்ளேட்டில் பிழைகள் கொட்டின. குற்றம் எங்களுடையதுதான். மைக்ரோசொஃப்டின் ஆயத்த டெம்ப்ளேட்டுகளில் ஒன்றான ஸ்கிரமின் பக் (மென்பொருள் கோளாறு) படிவத்தில் ஆளாளுக்குக் கைவைத்திருந்தோம். 'கொமிற்றட்' (செய்ய ஏற்றது), 'டன்' (முடிந்தது) இரண்டுக்கும் நடுவே 'ஹோட்டல் பார்த்தது' என்றொரு நிலைகூட இருந்தது.

முதல் வழி, அந்த மாற்றங்களோடேயே போவது. விட்அட்மின் என்ற கட்டளைக் கருவி மூலம் வரையறையை வெளியே எடுத்து, எக்ஸ்எம்எல்லைத் திருத்தி, மறுபடி ஏற்றி, மறுபடி சரிபார்க்க வேண்டும். ஆட்பெயர் வரும் புலத்தில் (படிவத்தின் கட்டத்தில்) பெயர் மாற்றத்தை ஒத்திசைக்கும் அமைப்பு அணைந்து கிடப்பது போன்ற சில்லறைப் பிழைகள் ஒரே கட்டளையில் தீரும். மற்றவை பொறுமையைச் சோதிக்கும். ஏறிய பிறகு புரொஜெக்ட் 'ஹோஸ்ற்றட் எக்ஸ்எம்எல்' வகையில் உட்காரும். அதற்குப் பிறகு ஒரு புலம் சேர்க்கவும் முழு டெம்ப்ளேட்டையும் ஸிப்பாக இறக்கி ஏற்ற வேண்டும். எங்களில் எக்ஸ்எம்எல் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் லீவில் போனால் வேலை நிற்கும்.

இரண்டாவது வழி, மாற்றங்களைக் கழற்றிவிட்டு அசல் ஸ்கிரமுக்குத் திரும்புவது. மைக்ரோசொஃப்ட் தரும் கன்ஃபோர்ம்புரொஜெக்ட் ஸ்கிரிப்ட் அதைச் செய்யும். புரொஜெக்ட் அசலோடு பொருந்தினால் 'இன்ஹெரிற்றட்' வகையில் ஏறும். அங்கே புலம், நிலை, விதி எல்லாம் பிரவுசரிலேயே மவுஸால் சேர்க்கலாம். படிவத்திலிருந்து எடுத்த புலத்தின் தரவு அழிவதில்லை, தரவுத்தளத்திலேயே கிடக்கும். பலர் பயப்படுவது இந்த இடத்தில்தான், அவசியமில்லை. உண்மையில் பயப்பட வேண்டியது நிலைகளுக்கு. 'ஹோட்டல் பார்த்தது' நிலையில் நிற்கும் பக்குகளை முதலில் 'கொமிற்றட்'டுக்கு நகர்த்தாவிட்டால், அவை செல்லாத நிலையில் தொங்கும். இன்ஹெரிற்றட்டில் ஓர் எல்லையும் உண்டு. முடிந்த வேலைக்கான நிலையை மறைக்கவோ இன்னொன்று சேர்க்கவோ முடியாது.

மூன்றாவது வழி, பழையதை விட்டுவிட்டு கிளவுட்டில் வெறும் புரொஜெக்டைத் திறந்து வேலைகளை சி.எஸ்.வி. அட்டவணைக் கோப்பாக ஏற்றுவது. ஒரு தடவைக்கு 1,000 வேலைகள்தான் ஏறும்; மாற்ற வரலாறு வராது. கோடு வைக்கும் கிட் களஞ்சியங்களை அப்படியே பிரதி (மிரர்) செய்து தள்ளினால் வரலாறு முழுதாக வரும், ஆனால் மைக்ரோசொஃப்டின் பழைய கோடு சேமிப்பு முறையான டி.எஃப்.வி.சி. களஞ்சியத்தைக் கிட்டாக இறக்குமதி செய்தால் அதிகபட்சம் 180 நாள் வரலாறுதான். பழைய பக்கை யாரும் திரும்பிப் பார்க்காத குழுவுக்கு இது சரி. 'போன சீசனில் இதே கோளாறு வந்ததே' என்று ஹோட்டல்காரர் கேட்கும் எங்களுக்குச் சரிவராது.

என் வாக்கு இரண்டாவதற்கு. ஆனால் மாற்றங்கள் ஆழமாய் இருந்து, சேர்வரை விடவேண்டிய நாள் நெருங்கிவிட்டால், முதல் வழியில் ஏறிவிடுங்கள். பிறகு ஹோஸ்ற்றட் எக்ஸ்எம்எல்லிலிருந்து இன்ஹெரிற்றட்டுக்கு ஆறுதலாக மாறலாம்.

இரண்டாவது வழிக்குப் போகிறவர்கள் நகர்த்தும் ஒவ்வொரு பக்குக்கும் ஒரு ராக் (அடையாளச் சொல்) போட்டுவிடுங்கள். கிளவுட்டில் நிலையைத் திரும்பச் சேர்த்ததும் அந்த ராக்கைத் தேடி மொத்தமாக மாற்றலாம். நாங்கள் அதை மறந்து, ஒவ்வொன்றின் வரலாற்றையும் திறந்து பார்த்து மாற்றிக்கொண்டிருந்தோம்.