திருச்சியில் மூன்று வாரம்: உடனே பதில் சொன்னவன் அவன் ஒருவன்தான்

போன டிசம்பரில் மூன்று வாரம் லீவு போட்டுத் திருச்சிக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு 74 வயது, வாரத்தில் இரண்டு நாள் தில்லைநகரில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் வரவேண்டும், ஆட்டோ குலுக்கலில் முதுகு போய்விடுகிறது என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் ஓட்டத் தயார். கார்தான் இல்லை. சரி, இந்தத் தடவை ஒரு பழைய கார் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பிளேன் ஏறுவது என்று வந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன், சொந்தமாகக் கார் வைத்துக்கொண்டதே இல்லை. அங்கே கார் வாங்குவதற்கு முன்னால் கார் வாங்கும் உரிமைச் சீட்டை ஏலத்தில் எடுக்கவேண்டும், அதுவும் பத்து வருஷத்துக்குத்தான் செல்லும், 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சீட்டு மட்டுமே ஒன்றரை லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தொட்டது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவனிடம் போய் 2017 மாடல் வெள்ளை ஸ்விஃப்ட், சிங்கிள் ஓனர், 38,000 கிலோமீட்டர், விலை 1,65,000 ரூபாய் என்று ஒரு விளம்பரம் காட்டினால் அவன் மனசு என்ன செய்யும்? இரண்டாயிரத்து ஐநூறு வெள்ளி சொச்சம்தானே என்று கணக்குப் போடும். போட்டது.

விளம்பரம் போட்டவனுக்கு இரவு பதினொன்றே கால் மணிக்கு ஒரு வரி அனுப்பினேன், கார் இருக்கிறதா என்று. இரண்டு நிமிடத்தில் பதில். “ஜெய் ஹிந்த் சார், இருக்கிறது.” அன்று பகல் முழுக்க நான் வங்கியில் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அப்பாவின் கணக்கில் கேஒய்சி புதுப்பிக்க மூன்றாவது நாளாகப் போயிருந்தேன். முதல் நாள் சர்வர் டவுன். இரண்டாம் நாள் அந்த மேடம் லீவு. மூன்றாம் நாள் மேடம் இருந்தார், ஃபாரம் தீர்ந்துபோயிருந்தது, எதிர்க்கடை ஜெராக்ஸில் கிடைக்கும் என்றார். அப்படி ஒரு நாளைக் கழித்துவிட்டு வந்தவனுக்கு, கேட்டதற்குக் கேட்டவுடன் பதில் சொல்லும் மனிதன் தெய்வமாகத் தெரிந்தான்.

ராணுவத்தில் இருக்கிறாராம். சென்னையிலிருந்து ஜம்முவுக்கு மாற்றலாகிவிட்டதாம், அவசரமாகப் போகவேண்டியதால்தான் இந்த விலையாம், கார் மீனம்பாக்கம் விமான நிலைய பார்க்கிங்கில் நிற்கிறதாம். நான் கேட்காமலேயே ராணுவ அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, ஆதார், ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) என்று வரிசையாகப் படங்கள் வந்து விழுந்தன. வாட்ஸ்அப் முகப்பில் சீருடைப் படம், பக்கத்தில் மனைவி, குழந்தை. தமிழ் தெரியாது, இந்தியும் கொஞ்சம் ஆங்கிலமும். நேரில் வந்து பார்க்கிறேன் என்றதற்கு, சிவிலியனை உள்ளே விடமாட்டார்கள் சார், ராணுவ டிரான்ஸ்போர்ட்டில் உங்கள் வீட்டு வாசலுக்கே அனுப்புகிறேன், ஓட்டிப் பாருங்கள், பிடித்திருந்தால் மீதிப் பணம், பிடிக்காவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றான். விமான நிலைய பார்க்கிங்கில் சிவிலியனை விடமாட்டார்களா? நான் அப்போதுதான் சிவிலியனாக விமான நிலையத்தில் வந்து இறங்கியிருந்தேன். இருந்தும் எனக்கு உறைக்கவில்லை, அதுதான் வேடிக்கை.

கேட் பாஸுக்கு 2,150 ரூபாய் மட்டும் முதலில் போடச் சொன்னான், அதையும் கடைசித் தொகையில் கழித்துக்கொள்ளலாமாம். போட்டேன். அப்பாவின் போனில், அப்பாவின் ஜிபேயில், அப்பா தூங்கிக்கொண்டிருக்கும்போது. பணம் போன பெயர் வேறு, அட்டையில் இருந்த பெயர் வேறு. கேட்டேன். “எங்கள் அக்கவுன்ட்ஸ் ஆபீசர் சார்.”

மறுநாள் காலை பார்சல் ரசீது மாதிரி ஒன்று வந்தது, மேலே சிங்க முத்திரை, கீழே டெலிவரி சார்ஜ் 8,500, திரும்பக் கிடைக்கும் தொகை. அப்போது அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரி இரண்டாம் வருஷம். என் போனை இடது கையால் வாங்கி, கார் படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனாள். டிரைவர் பக்கக் கதவு நன்றாகப் பாலிஷ் போட்டிருந்தது, எதிரில் இருந்த கடையின் போர்டு அதில் இடவலம் மாறித் தெரிந்தது. “மாமா, இதென்ன ஜிலேபி ஜிலேபியா இருக்கு? இது தெலுங்கு போர்டு. மீனம்பாக்கத்துல ஏது?” அதற்குப் பிறகு ஆர்சி படத்துக்குப் போனாள். ஓனர் பெயர் மட்டும் மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் தடிப்பாக, ஒரு மயிரிழை மேலே ஏறி நின்றது. நான் அதை நாலு தடவை பார்த்திருந்தேன்.

வண்டி விவரம் காட்டும் அரசு செயலியான எம்பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தோம். இது நான் முதல் நாளே செய்திருக்கவேண்டிய வேலை, இலவசம்தான், இரண்டு நிமிடம் ஆகும். அந்த எண்ணில் நிஜமாகவே ஒரு வெள்ளை ஸ்விஃப்ட் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் தேதி, எந்த ஆர்டிஓ, கடன் நிலுவையில் இருக்கிறதா, எல்லாம் காட்டியது. ஓனர் பெயரில் பாதி எழுத்தை நட்சத்திரம் போட்டு மறைத்துத்தான் காட்டுவார்கள், ஆனால் தெரிந்த முதல் எழுத்தே அவன் அனுப்பிய பெயரோடு ஒத்துப்போகவில்லை. யாரோ ஒரு நல்ல மனுஷன் எப்போதோ தன் காரை விற்க விளம்பரம் போட்டிருக்கிறார், அந்த எண்ணை இவன் எடுத்து, வேறெங்கோ எடுத்த படத்தில் ஒட்டியிருக்கிறான்.

ராணுவத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். பாதி சொல்வதற்குள் சிரித்துவிட்டார். “ஏன்டா, ஐடி கார்டு தொலைஞ்சாலே எங்களுக்கு விசாரணை நடக்கும், எவன்டா அதை ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்புவான்?”

இனிமேல் பணம் போடமுடியாது, அந்த 2,150-ஐத் திருப்பி அனுப்பு என்று எழுதினேன். உடனே சரி என்றான், கோபமே இல்லை. ஒரு க்யூஆர் கோட் வந்தது. இதை ஸ்கேன் செய்து யுபிஐ பின் (PIN) நம்பரைப் போடுங்கள், பணம் உங்கள் கணக்கில் ஏறிவிடும் என்றான். ஸ்கேன் செய்தால் 8,500 அனுப்பவா என்று கேட்கிறது. நம்மிடமிருந்து பணம் போவதற்குத்தான் பின் நம்பர், வருவதற்கு எந்தப் பின்னும் வேண்டாம். காய்கறிக்காரம்மாவுக்குக்கூட இது தெரியும், தள்ளுவண்டியில் க்யூஆர் கோட் ஒன்றை ஒட்டிவைத்துவிட்டுத் தன் பாட்டுக்குக் கீரையை ஆய்ந்துகொண்டிருக்கிறார். வெளியூரிலிருந்து வருகிற எங்களுக்குத்தான் தடுமாற்றம், மூன்று வாரத்துக்கு மட்டும் யுபிஐ பழகுகிற ஆட்கள்.

1930-க்குப் போன் செய்தேன். சைபர் குற்றங்களுக்கான எண். இரண்டாவது தடவை எடுத்தார்கள், ஒரு பெண் குரல், தமிழில் நிதானமாகக் கேட்டார்: எந்த வங்கி, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க எண் என்ன, அவன் போன் நம்பர் என்ன. எல்லாம் கையில் இருந்ததால் பத்து நிமிடத்தில் முடிந்தது, புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. இங்கே திட்டவேண்டியது என்னைத்தான். இந்த எண்ணே சீக்கிரம் கூப்பிட்டால்தான் வேலை செய்யும், போன பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன்னால் வங்கி நிறுத்தி வைக்கவேண்டும். நான் கூப்பிட்டது பன்னிரண்டு மணி நேரம் கழித்து. “தெரிஞ்ச உடனே கூப்பிட்டிருக்கலாமே சார்” என்றார் அந்தப் பெண். தெரிந்த உடனேதான் கூப்பிட்டேன், தெரிவதற்குத்தான் அவ்வளவு நேரம் ஆனது. பணம் வரவில்லை. அப்பாவிடம் சொல்லாமல் அவர் கணக்கில் 2,150-ஐப் போட்டுவிட்டேன். அவர் அதைக் கண்டுபிடித்தது வேறு கதை.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன். பழைய பால்பண்ணைப் பக்கம் ஒரு மெக்கானிக், அறுபது வயது இருக்கும், கூட வர ஆயிரம் ரூபாய் கேட்டார். பைபாஸில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் போனோம், கார் பளபளவென்று இருந்தது, உள்ளே மல்லிகை வாசம் தூக்கியது. மெக்கானிக் இன்ஜினைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார், இழுத்துக்கொண்டே போனார், கடைசிவரை. கடைசி ஒன்றரை அடியில் பெல்ட்டின் நிறம் மாறியது, காப்பி டிகாஷன் மாதிரி ஒரு கோடு, விரலால் தேய்த்தால் பொடியாக மண். பிறகு பின்னால் போய் ஸ்டெப்னியைத் தூக்கச் சொன்னார், அடியில் துரு. “தம்பி, இது மெட்ராஸ்ல தண்ணியில நின்ன வண்டி” என்றார். 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் எல்லாம் எங்கே போயின என்று நான் யோசித்ததே இல்லை. அந்த வியாபாரி எதையும் மறுக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார், விலையில் நாற்பதாயிரம் குறைத்தார்.

கடைசியில் வாங்கியது ஸ்ரீரங்கத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரின் வண்டி. டிஎன் 48, ஸ்ரீரங்கம் ஆர்டிஓ பதிவு. அவர் முதல் மூன்று நாள் போனே எடுக்கவில்லை. நாலாவது நாள் எடுத்து, மத்தியானம் ரெண்டுக்கு மேல நாலு வரைக்கும் தூங்குவேன், அப்ப வராதீங்க என்றார். போனால் விலை பேசவே விடவில்லை, 4,10,000, ஒரு ரூபாய் குறையாது. ஆனால் சர்வீஸ் பில் அத்தனையும் நூலால் கட்டி வைத்திருந்தார். மெக்கானிக் சீட் பெல்ட்டை இழுத்தபோது எதற்கு என்று கேட்டுவிட்டு, “நீங்க சொன்னது சரி, நாலையும் இழுத்துப் பாருங்க” என்றார். கடன் எப்போதோ அடைத்துவிட்டார், ஆர்சியில் மட்டும் ஹெச்பி, அதாவது வண்டி கடனில் இருக்கிறது என்ற குறிப்பு, அப்படியே இருந்தது, அதை நீக்கப் படிவம் 35, பெயர் மாற்ற 29, 30. காரை அப்பா பெயரில்தான் எழுதினோம். வாத்தியாரே ஆர்டிஓ ஆபீசுக்கு வந்தார். பெயர் மாறாமல் சாவியைக் கொடுக்கமாட்டேன் என்றார், பெயர் மாற்றாமல் விட்ட வண்டி மோதினால் நஷ்ட ஈடு பழைய ஓனர் தலையில்தான் விழும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பேப்பரிலிருந்து வெட்டி ஃபைலில் வைத்திருந்தார். ஆர்டிஓ ஆபீசில் அரை நாள் போனது. வாசலில் புரோக்கர்கள் தொல்லை உண்டு, உள்ளே இருந்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

புது ஆர்சி கார்டு நான் சிங்கப்பூர் திரும்பிய பிறகு ஸ்பீட் போஸ்ட்டில் வந்தது. அப்பா அதைக் கையில் பிடித்துக்கொண்டு படம் அனுப்பினார், பாதிப் படத்தில் அவர் கட்டைவிரல்.

போன வாரம் அக்கா மகள் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். அதே வெள்ளை ஸ்விஃப்ட், அதே கதவு, அதே ஜிலேபி. இப்போது மதுரை விமான நிலையத்தில் நிற்கிறதாம். விலை 1,55,000, பத்தாயிரம் குறைத்திருக்கிறான். கார் இருக்கிறதா என்று சும்மா கேட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம், “ஜெய் ஹிந்த் மேடம், இருக்கிறது.”