அம்புலன்ஸ் மொனிற்றர்: வன்னி வீதிகளில் பாவித்துப் பார்த்ததில்

ஒட்டுசுட்டான் பக்கம் அம்புலன்சில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த மொனிற்றர் இப்போது பழகிப்போன பொருள். பிரஷர், நாடித்துடிப்பு, ஒட்சிசன் அளவு, ஈசிஜி, மூச்சு எல்லாவற்றையும் தானாகவே எடுத்துக் காட்டும். பிரஷரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும்படி வைத்திருக்கிறோம். வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: வாங்குங்கள், ஆனால் ஒரு தடவை காட்டும் எண்ணுக்காக அல்ல, எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்ப்பதற்காக.

இங்கே எங்களுக்குக் கிடைக்கும் விபத்துக்காரர்கள் பெரும்பாலும் இளம் ஆட்கள். இரவில் ஏ9 வீதியில் படுத்திருக்கும் மாட்டில் மோதிய மோட்டார் சைக்கிள், வரம்பில் புரண்ட உழவு இயந்திரம், சில வேளை யானை அடி. இளம் உடம்பு கடைசி மட்டும் சமாளிக்கும். மூன்றிலொரு பங்கு இரத்தம் போகும் அளவுக்கு வந்த பிறகுதான் மேல் பிரஷர் விழத் தொடங்கும். அதற்கு முன்பே நாடி ஓடத் தொடங்கிவிடும்.

உழவு இயந்திரத்துக்குக் கீழே வயிறு அகப்பட்ட ஒரு பெடியனை ஏற்றினோம். முதலில் மேல் பிரஷர் 124, நாடி 96. அடுத்து 120, 110. பிறகு 112, 128. பிரஷரை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. “அண்ணை, எனக்கு ஒண்டுமில்லை, வீட்டை விடுங்கோ” என்று அவனும் சொல்லிக்கொண்டே வந்தான். நாடியை மேல் பிரஷரால் வகுத்துப் பார்த்தால் 0.77 இல் இருந்து 1.14 க்கு ஏறியிருந்தது. சாதாரணமாக இது 0.5 முதல் 0.7 வரை இருக்கும். 1 ஐத் தாண்டினால் உள்ளே எங்கோ இரத்தம் போகிறது என்றுதான் எடுக்க வேண்டும். வழியிலேயே வைத்தியசாலைக்கு அழைத்துச் சொன்னோம். கையால் பிரஷர் எடுத்துக் கடதாசியில் கிறுக்கிய காலத்தில் இந்த மூன்று அளவும் இப்படி ஒழுங்காகக் கிடைத்திருக்காது. காயத்தை அழுத்திப் பிடிக்கவே இரண்டு கையும் காணாது.

இனிக் குறைகள். கையில் சுற்றிக் கட்டும் கஃப்பில் காற்று இறங்கும்போது இரத்தக் குழாய் கொடுக்கும் சின்ன அதிர்வை வைத்துத்தான் இயந்திரம் பிரஷரைக் கணிக்கிறது. கிரவல் வீதியின் குலுக்கலும் அதற்கு அதிர்வுதான். திரும்பத் திரும்பக் கையை இறுக்கும், நோயாளி கத்துவார், கடைசியில் எண்ணுக்குப் பதில் கோடு மட்டும் வரும், அல்லது நம்ப முடியாத ஓர் எண். பிரஷர் நன்றாக விழுந்த ஆளில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டவும் பார்க்கும். ஆகவே வண்டி வெளிக்கிட முன் ஓர் அளவு, தார் வீதியில் ஏறியதும் இன்னொன்று. இடையில் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்ப்பதுதான். நாடி நூல் போல ஓடுகிறது, திரை மேல் பிரஷர் 110 என்கிறது என்றால் நான் விரலைத்தான் நம்புவேன்.

விரலில் மாட்டும் ஒட்சிசன் கிளிப்பைக் கஃப் கட்டிய கையில் போடாதீர்கள். கஃப் இறுகும் ஒவ்வொரு முறையும் அளவு காணாமல் போய் அலாரம் அடிக்கும். வயல் சேற்றைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். இரத்தம் போய்க் கை குளிர்ந்த ஆளில் எப்படியும் அது திணறும். வெயிலில் வியர்த்த நெஞ்சில் ஈசிஜி ஒட்டிகள் நிற்காது. மூச்சு எண்ணிக்கையும் அந்த ஒட்டிகள் வழியாகத்தான் வருகிறது, குலுக்கலையும் சேர்த்து எண்ணிவிடும். நெஞ்சைப் பார்த்து நீங்களே எண்ணுங்கள்.

இயந்திரம் பேசாமல் இருக்கும் இடங்கள்தான் எனக்குப் பெரிய தலையிடி. நாடியை மெதுவாக்கும் அடெனோலோல் என்ற பிரஷர் குளிசை எடுக்கும் ஐயாமாருக்கு இரத்தம் போனாலும் நாடி அவ்வளவாக ஏறாது. தலையில் அடிபட்டு உள்ளே அழுத்தம் கூடியவருக்குத் தலைகீழ்: பிரஷர் ஏறும், நாடி இறங்கும், இரண்டும் அலாரம் எல்லைக்குள்ளேயே நிற்கவும் கூடும். “பெயரென்ன, கையை இறுக்குங்கோ” என்று கேட்டு நினைவைப் பார்க்க எந்தத் திரையும் இல்லை.

வாங்குகிறவர்கள் கஃப் எல்லா அளவிலும் கேட்டு வாங்குங்கள். தடித்த கைக்குச் சின்னக் கஃப் கூட்டிக் காட்டும், மெல்லிய கைக்குப் பெரியது குறைத்துக் காட்டும். எங்களுக்கு விற்றவர் ஒரே அளவைத் தந்துவிட்டு, மற்றவற்றுக்கு மாதக்கணக்கில் அலையவிட்டார். காற்றுக் குழாய்தான் முதலில் வெடிக்கிறது, உபரியாக ஒன்று வண்டியில் இருக்கட்டும்.