குழலைக் குறைப்பதா, கட்டையைக் குறைப்பதா? ஏற்காட்டு ஈரத்தில் ஒரு டபுள் பேரல்

அப்பாவுக்கு 70 வயது நிறைந்த பிறகு தோட்டத்துத் துப்பாக்கி என் பெயருக்கு மாறியது. உரிமம் வைத்திருப்பவர் 70 வயதை எட்டினாலோ, அந்த ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாரிசுக்கு உரிமம் கேட்க 2016 ஆயுத விதிகள் இடம் தருகின்றன. பன்னிரண்டு போர் (குழல் துளையின் அளவு), பக்கம் பக்கமாக இரட்டைக் குழல், குழலின் நீளம் 30 அங்குலம். அப்பா ஆறடி. நான் அவர் தோள் உயரம்தான். தூக்கிப் பிடித்தால் முன்பக்கம் தாழ்ந்தது. காபிச் செடிகளுக்கு நடுவே நடந்தால் குழல் கிளைகளில் மாட்டியது. ஜீப்பில் ஏறி இறங்குவதும் தொந்தரவுதான். குழலைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் என்ன என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

வீட்டிலேயே வெட்டிக்கொள்வதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆனாலும் மலையில் அடிக்கடி கேட்கிறார்கள்: "உரிமம் என் பேர்ல இருக்கு, துப்பாக்கியும் என்னோடது, அப்புறம் என்ன?" உரிமம் வைத்திருக்கத்தான் அனுமதி தருகிறது, உருவத்தை மாற்ற அல்ல. 1959 ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, அதற்கென்று தனி உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பதையே தடை செய்கிறது. எவ்வளவு குறைத்தீர்கள் என்பது அங்கே கேள்வியே இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். குழல் 20 அங்குலத்துக்குக் கீழே போய்விட்டால் அது கட்டுப்பாடு கூடுதலான ஆயுத வகையிலும் சேர்ந்துவிடும். தாத்தா காலத்துத் துப்பாக்கி, யார் வந்து அளக்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறோம். உரிமம் புதுப்பிக்கும்போதும் காட்டுகிறோம். பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, முறையாகக் கொடுத்துச் செய்வது. விற்பனை உரிமம் மட்டும் உள்ள கடை இதற்குப் போதாது. இந்த வேலைக்கே உரிமம் உள்ள பட்டறையாக இருக்க வேண்டும். உரிமம் தந்த அலுவலகத்திலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் துப்பாக்கியை எடுத்துப் போக வேண்டும். வெளி மாவட்டத்துக்கோ வெளி மாநிலத்துக்கோ கொண்டு போவதென்றால் உங்கள் உரிமம் எந்த எல்லை வரை செல்லும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் அலைச்சல்தான், ஆனால் முடியாத காரியமில்லை. நான் பின்வாங்கியது காகிதத்தால் அல்ல, இரும்பால்.

ஒற்றைக் குழல் என்பது ஒரு குழாய். இரட்டைக் குழல் அப்படியல்ல. தோட்டா போடும் பக்கத்தில் இரண்டு குழலின் சுவரும் தடிமன், வாய்ப்பக்கம் மெல்லிசு. இரண்டும் ஒரே இடத்தில் சுட வேண்டும் என்பதற்காக அவற்றை இணையாக வைக்காமல், முன்னே போகப் போக நெருங்கி வருமாறு சாய்த்து வைத்திருப்பார்கள். மேலும் கீழும் நீளமாக ஓடும் ரிப் பட்டைகளை ஈயப்பற்று வைத்து ஒட்டி, இடையில் ஒரு மூடிய பள்ளம் உண்டாக்கியிருப்பார்கள். வாய்ப்பக்கத்தில் குழல்கள் தொட்டுக்கொள்ளும் இடம்தான் அந்தப் பள்ளத்துக்கு மூடி. முன்பக்கம் சில அங்குலம் வெட்டினால் மூடியும் போய்விடும். வெட்டிய இடத்தில் இரண்டு குழலுக்கும் நடுவே ஒரு சந்து தெரியும். அதை இரும்புத் துண்டு வைத்து அடைத்து, மறுபடி பற்று வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் பக்கத்திலுள்ள பழைய பற்று இளகாமல் பார்ப்பது பெரிய கைத்திறன்.

சமவெளியில் ஒரு துளி ஓட்டை விட்டுப்போனாலும் சில வருடம் தாக்குப்பிடிக்கலாம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். பீரோவில் வைத்த தோல் செருப்பு பூசணம் பிடிக்கும். அந்த ஈரம் ரிப் பட்டைக்குக் கீழே நுழைந்துவிட்டால் வெளியேற வழியில்லை. எண்ணெய்த் துணியும் துடைப்புக் கம்பியும் குழலின் உள்ளேயும் வெளியேயும் போகும், அந்தப் பள்ளத்துக்குள் போகாது. துரு உள்ளிருந்து குழல் சுவரைத் தின்னும், வெளியே பளபளப்பாகவே இருக்கும். சுவர் எங்கே மெலிந்தது என்று தெரியாமலே அடுத்த தோட்டாவைப் போடுவோம். எனக்கு இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

நிறம் ஏற்றுவதிலும் இதே சிக்கல் உண்டு. வெட்டிப் பற்று வைத்த இடத்துக்குக் கருநீல நிறம் மறுபடி கொடுத்தாக வேண்டும். இப்போது பரவலாகச் செய்யும் சூடான காரக் கரைசல் முறை ஒற்றைக் குழலுக்குச் சரி. ஈயப்பற்று வைத்த இரட்டைக் குழலை அதில் முக்கினால் கரைசல் பற்றையே அரிக்கும். ரிப்புக்குள் புகுந்த உப்பு அங்கேயே தங்கித் துருவை வளர்க்கும். மெதுவாகத் துருவேற்றி நிறம் கொண்டுவரும் பழைய முறைதான் இதற்குப் பாதுகாப்பு. அதைப் பொறுமையாகச் செய்பவர்கள் குறைவு. நான் விசாரித்த பெரியவர் ஒருவர், கழற்றிய குழலைக் கொக்கியில் மாட்டி விரலால் சுண்டினார். மணி மாதிரி நீண்டு ஒலித்தது. "ஏம்மா, பற்று இன்னும் கெட்டியா இருக்கு. இந்தச் சத்தம் இருக்கிற குழல்ல நான் கை வைக்கமாட்டேன்" என்றார். பற்று விட்டிருந்தால் ஒலி அதிர்ந்து மங்கிவிடுமாம். பழைய டபுள் பேரல் வாங்கப் போகிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

குழல் நீளமாக இருந்தால்தான் ரவை (தோட்டாவிலுள்ள சிறு குண்டுகள்) தூரம் போகும் என்று எங்கள் சித்தப்பா இன்றும் சொல்கிறார். கருமருந்துக் காலத்துக்கு அது பொருந்தும். இன்றைய வெடிமருந்து குழலின் முதற்பாதியிலேயே பெரும்பாலும் எரிந்து தீர்கிறது. ஒரு அங்குலம் குறைந்தால் வேகத்தில் குறைவது சொற்பம். போவது சோக். குழலின் வாய்ப்பக்கக் கடைசிச் சில அங்குலத்தில் இருக்கும் அந்த இறுக்கம்தான் ரவை பரவாமல் கட்டுப்படுத்துகிறது. முழு சோக் உள்ள குழல் 40 கெஜத்தில், 30 அங்குல வட்டத்துக்குள் ஏறத்தாழ 70 சதவீத ரவையைப் போடும். வாயை வெட்டிய குழல் சுமார் 40 சதவீதம் போடும். பிற்பாடு கைமாற்றும்போது விவரம் தெரிந்தவர் முதலில் பார்ப்பதும் வாயைத்தான்.

காட்டெருமையோ பன்றியோ தோட்டத்தில் இறங்கினால் சுடத்தானே என்று கேட்பவர்களுக்கு: 1972 வனவிலங்குச் சட்டப்படி காட்டெருமை முதல் அட்டவணையில் இருக்கிறது. உரிமத் துப்பாக்கி அவற்றை வேட்டையாட அனுமதி தரவில்லை. துப்பாக்கியின் தேவையை அந்தக் கணக்கில் அளக்காதீர்கள்.

கடைசியில் நான் செய்தது கட்டையை, அதாவது தோளில் ஊன்றும் மரப்பகுதியைக் குறைப்பது. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம் வழக்கமாக 14 முதல் 14½ அங்குலம். அது அப்பாவின் கைக்குப் பொருந்தியது. கை குட்டையானவர் அதே கட்டையைத் தோளில் வைக்கும்போது இடக்கை நீண்டு, எடை முழுவதும் முன்னால் போய்விடுகிறது. துப்பாக்கி நீளம் என்று நான் நினைத்த தொந்தரவில் பெரும்பகுதி இதனால்தான். உரிமம் பெற்ற பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து, பின்முனையில் ஒரு துண்டு எடுத்து, ரப்பர் பேட் வைத்தார்கள். ஊர் ஆசாரியிடம் துப்பாக்கியை விட்டுவிட்டு வராதீர்கள், உரிமம் இல்லாதவர் கையில் அது இருப்பதே குற்றம். எடுத்த துண்டைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு உயரமான என் மகன் பெயருக்கு மாறினால் திரும்பப் பொருத்தலாம். வெட்டிய குழலுக்கு அந்த வழி கிடையாது. செடிகளில் மாட்டுவது மட்டும் முழுதாகத் தீரவில்லை. வரப்பில் நடக்கும்போது தோட்டாவை எடுத்துவிட்டு, மடக்கிக் கைமேல் போட்டுக்கொள்கிறேன். பாதுகாப்புக்கும் அதுவே நல்ல பழக்கம்.

குட்டைக் குழல் துப்பாக்கியாகவே புதிதாக வாங்குவது இன்னொரு வழி. கடையில் எடுத்துப் பார்த்ததோடு சரி, அதை வைத்துப் புழங்கிய அனுபவம் எனக்கில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

முறையாகக் குழலைக் குறைப்பதே சரி என்று நான் சொல்லக்கூடிய ஒரு நிலைமை உண்டு. மலைத் தோட்டங்களில் சாத்தி வைத்த துப்பாக்கியின் வாய்க்குள் குளவி மண்கூடு கட்டும். கவனிக்காமல் சுட்டால் அடைப்பு இருந்த இடத்தில் குழல் உப்பிவிடும். அந்த உப்பல் வாயிலிருந்து ஓரிரு அங்குலத்துக்குள் இருந்து, மீதிக் குழல் நன்றாகவும் இருந்தால், அதை இனிச் சுடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, அனுமதி வாங்கி, வேலை தெரிந்த பட்டறைக்குக் கொண்டு போகலாம். அதுவும் ஒற்றைக் குழலாக இருந்தால் தயங்கவே வேண்டாம். ரிப், பற்று என்ற பேச்சே அங்கே இல்லை. டபுள் பேரல் என்றால், கொடுக்கும் முன் குழல்களுக்கு நடுவிலுள்ள சந்தினை எப்படி அடைப்பார்கள், நிறம் எந்த முறையில் ஏற்றுவார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் வராத பட்டறை என்றால் துப்பாக்கியோடு திரும்பி மலையேறிவிடுங்கள்.