கடைசி விவசாயி: குலதெய்வக் கும்பிடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படம் வேறு மாதிரி தெரியும்

போன வாரம் அப்பாவோடு உட்கார்ந்து 'கடைசி விவசாயி' மறுபடியும் பார்த்தேன். 2022 பிப்ரவரி 11 அன்று படம் வெளியானபோது எங்கள் ஊர்த் தியேட்டரில் பகலில் ஒரு காட்சி, சாயங்காலம் ஒரு காட்சி என்று ஓட்டிவிட்டு ஒரே வாரத்தில் தூக்கிவிட்டார்கள். நான் போன காட்சிக்கு 15 பேர்கூடத் தேறவில்லை. அன்றைக்கு அப்பாவைக் கூட்டிப்போக முடியவில்லையே என்ற குறை எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. அது இப்போது தீர்ந்தது. ஆனால் வயலில் நின்றவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, முதல் தடவை நான் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். ஊரின் பழைய மரத்தில் இடி விழுந்து எரிந்துபோகிறது. பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள். வருடக்கணக்காகக் குலதெய்வத்துக்குக் கும்பிடு போடாமல் விட்டதால்தான் இப்படி ஆகிவிட்டது, இந்த வருடம் எப்படியாவது நடத்திவிட வேண்டும் என்று முடிவாகிறது. சாமிக்குப் படைக்கப் புது நெல் வேண்டும். சுற்றி உள்ள நிலமெல்லாம் விற்றுப்போய், பிளாட் போட்டுக் கல் நட்டாகிவிட்டது. இன்னமும் விவசாயம் பார்க்கிறவர் காது சரியாகக் கேட்காத மாயாண்டிப் பெரியவர் ஒருவர்தான். அவரும் சரி என்று சொல்லி, கொஞ்சம் இடத்தில் நெல் போடுகிறார். அந்தப் பயிர் விளைந்து வீடு வந்து சேருமா என்பதுதான் 2 மணி நேரத்துக்கு மேல் ஓடும் மொத்தப் படமும். இயக்குநர் ம. மணிகண்டன் அந்த மண்ணைச் சேர்ந்தவர், ஒளிப்பதிவும் அவரேதான்.

நாட்டார் தெய்வங்களை வைத்து இப்போது நிறையப் படங்கள் வருகின்றன. அதே 2022 செப்டம்பர் கடைசியில் கன்னடத்தில் 'காந்தாரா' வந்தது, கர்நாடகக் கடலோரத் துளுநாட்டில் சாமி இறங்கி ஆடும் பூதகோலத்தையும், பஞ்சுர்லி என்ற பன்றி வடிவத் தெய்வத்தையும் வைத்து. கடைசி 20 நிமிடம் தியேட்டரே நடுங்கியது, எனக்கும் அது பிடித்த படம்தான். அங்கே தெய்வம் ஆள்மேல் இறங்குகிறது, அலறுகிறது, கணக்குத் தீர்க்கிறது. 'கர்ணன்' படத்தில் செத்துப்போன தங்கச்சி காட்டுப்பேச்சி சாமியாக முகமூடியோடு வந்து நிற்பது வேறு வகை, அது கோபத்தோடு வரும் சாமி. 'கடைசி விவசாயி'யில் சாமி அப்படி எதுவும் செய்வதில்லை. இங்கே சாமி என்றால் வேலை. நெல் போட வேண்டும், மண்குதிரை செய்ய வேண்டும், மேளத்துக்குச் சொல்ல வேண்டும், ஆளுக்கு ஆள் போய் முகம் பார்த்துக் கூப்பிட வேண்டும். கும்பிடு என்பதை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

மதுரைப் பக்கத்துக் கும்பிடு தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே பிடிபடும். பொங்கல் வைக்கிற அன்றைக்கு நடப்பது கால்வாசிதான். அதற்கு முன்னால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு, வராத வீட்டுக்கு நாலு தடவை நடந்து, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டு வாசலிலும் போய் நின்று, வெளியூரில் இருக்கிறவர்களுக்குப் போன் போட்டு நாள் சொல்லி... புரவி எடுக்கும், அதாவது சாமிக்கு மண்குதிரை செய்து கொண்டுபோகும் ஊர் என்றால் கண்மாயில் ஒரு பிடி மண் எடுத்து, மண்பாண்டம் செய்யும் வேளார் கையில் கொடுத்து, அவர் அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் எல்லாமே தொடங்கும். பிடிமண் கொடுத்தாச்சு என்றால் இனிமேல் பின்வாங்க முடியாது. படத்தில் குதிரை செய்யச் சொல்லி மண்பாண்டத் தொழிலாளியிடம் போகும் இடத்தைக் கவனியுங்கள். பல வருடம் கழித்து ஊர் தன்னைத் தேடி வந்திருக்கிறது என்ற சந்தோஷம் அந்த மனிதரின் முகத்தில் எப்படி வருகிறது! பின்னணி இசையை ஏற்றி நம்மை அழ வைக்கவில்லை, கேமரா அங்கேயே நிற்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் கும்பிடு நின்று 9 வருடம் ஆகிறது.

அப்புறம் மயில். ஒரு நாள் காலையில் வயலில் மயில்கள் செத்துக் கிடக்கின்றன. பெரியவர் அவற்றைக் குழி தோண்டிப் புதைக்கிறார். இந்தத் தகவல் போலீசுக்குப் போய், மயிலைக் கொன்றதாக அவர்மேல் வழக்கு விழுகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை மயில், தேசியப் பறவை வேறு, சும்மா விட மாட்டார்கள். ஆனால் பெரியவருக்கு அது முருகனின் வாகனம், செத்துக் கிடந்தால் மரியாதையாகப் புதைக்க வேண்டிய உயிர். சட்டம் பார்க்கும் மயிலும் இவர் பார்க்கும் மயிலும் வேறு வேறு. இதை யாரும் வசனமாகப் பேசவில்லை, நல்லவேளை.

நீதிமன்றக் காட்சி படத்தின் உச்சம் என்று சொல்வேன். இவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பது மாஜிஸ்திரேட்டுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. ஆனால் வழக்கு பதிவாகிவிட்டது, புதைத்தது நான்தான் என்று இவரும் மறைக்காமல் சொல்லிவிட்டார், உடனே விடுவிக்க வழியில்லை. பெரியவரின் கவலையோ வேறு. பயிர் காய்ந்துவிடும், தண்ணீர் பாய்ச்ச வேண்டும், நான் போகணும். ஜாமீன், ரிமாண்ட் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் அந்த மாஜிஸ்திரேட் அம்மா, போலீஸ்காரரே போய்த் தினமும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று உத்தரவு போடுகிறார். கேட்டால் சிரிப்பு வரலாம். எனக்கு இரண்டு தடவையும் தொண்டை அடைத்தது. வானம் பார்த்த பூமி அது, 58 கிராமக் கால்வாய்க்காகப் பல பத்தாண்டுகள் போராடிய வட்டாரம். அங்கே நாற்றுக்குத் தண்ணீர் விடச் சொல்லி ஒரு நீதிமன்றம் உத்தரவு போடுவது சின்ன விஷயமா?

மாயாண்டியாக வரும் நல்லாண்டி அய்யாவைப் பற்றி என்ன எழுதினாலும் பத்தாது. அந்தப் பக்கத்துக்காரர், தொழில்முறை நடிகர் கிடையாது. குனிந்து நிமிரும்போது ஒரு கை முட்டிக்குப் போவது, காது கேட்காததால் எதிரில் இருப்பவரின் வாயைப் பார்ப்பது, பதில் சொல்லும் முன்னால் விடும் அந்த இடைவெளி, இதெல்லாம் சொல்லிக்கொடுத்து வருகிறதில்லை. விதைக் கடையில் விதையே இல்லாத தக்காளியைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு வரும் திகைப்பு இருக்கிறதே, அது மட்டும் போதும். படம் வெளியாகும் முன்பே அவர் காலமாகிவிட்டார். 2023இல் அறிவித்த 69ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாக இது தேர்வானது, அய்யாவுக்கும் சிறப்புக் குறிப்பு கொடுத்தார்கள். கையில் வாங்க அவர் இல்லை.

விஜய் சேதுபதி ராமையாவாக வருகிறார். செத்துப்போன காதலி கூடவே இருப்பதாக நம்பி, முருகன் கோயில் கோயிலாக அலைகிற ஆள். சிலருக்கு இந்தப் பகுதி ஒட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஒட்டியது, ஏனென்றால் இந்த மாதிரி ஒருவர் எல்லா ஊர்ப் பக்கமும் உண்டு. அவர் வந்தால் இரண்டு இலை போடுவார்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அவர் மலையேறும் காட்சியை விளக்கம் எதுவும் தேடாமல் பாருங்கள், அவ்வளவுதான் சொல்வேன். நிலத்தை விற்று யானை வாங்கிய யோகி பாபு பகுதிதான் எனக்குக் கொஞ்சம் நீளமாகப் பட்டது. யோசனை அருமை, ஆனால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது.

குறை என்று பார்த்தால் இரண்டு. பெண்கள் இந்த ஊரில் எங்கே? மாஜிஸ்திரேட்டைத் தவிர மனதில் நிற்கிற பெண் யாருமில்லை. நாற்று நடுவதில் இருந்து முளைப்பாரி வரை பெண்கள் இல்லாமல் எந்த ஊரில் கும்பிடு நடந்திருக்கிறது? இன்னொன்று, எல்லாச் சமூகமும் சேர்ந்தால்தான் கும்பிடு என்று படம் சொல்வது நல்ல விஷயம், ஆனால் இத்தனை வருடம் ஏன் சேரவில்லை என்பதை மெதுவாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்த வட்டாரத்தின் சாதிச் சண்டைகள் தெரிந்தவர்களுக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்தியது.

எப்படிப் பார்ப்பது? சோனி லிவ்வில் வந்த படம். போனில் பார்க்காதீர்கள், முடிந்தவரை பெரிய திரையில் பாருங்கள், வேகத்தைக் கூட்டி ஓட்டாதீர்கள். தண்ணீர் மடை மாறும் சத்தம், மண்வெட்டிச் சத்தம், தூரத்து மயில் அகவல் எல்லாமே கதைதான். முதல் அரை மணி நேரம் மெதுவாகப் போகும், விட்டுவிடாதீர்கள். வீட்டில் விவசாயம் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் கூட உட்கார வையுங்கள். அவர்கள் நாம் பார்க்காததைப் பார்ப்பார்கள். நாற்று நடும் காட்சியில் அப்பா நிறுத்தச் சொல்லி, "பாரு, கயிறு பிடிக்காமலே வரிசை எப்படி நிக்குது" என்றார். நான் அதுவரை வரிசையையே பார்க்கவில்லை. பின்னால் தள்ளி அந்த இடத்தை இன்னும் இரண்டு தடவை போட்டுக் காட்டினேன்.